கம்போடியா 7 இரவு: அங்கோரை எந்த வரிசையில் பார்ப்பது? (முட்டிவலி, சைவச் சாப்பாடு, கல்வெட்டு)

மாடவீதி (கேள்வி):

ஜனவரி மூன்றாம் வாரம் கம்போடியா போகிறோம். அப்பா 67, அம்மா 63, கூட நான். சியெம் ரீப்பில் இறங்கி ப்னோம் பென்னிலிருந்து திரும்புகிற மாதிரி டிக்கெட் போட்டாயிற்று. மொத்தம் 7 இரவு.

ஏஜென்சிக்காரர்கள் அனுப்பும் திட்டமெல்லாம் ஒரே அச்சு. முதல் நாள் 'சின்னச் சுற்று', இரண்டாம் நாள் 'பெரிய சுற்று', மூன்றாம் நாள் ஏரி, ஷாப்பிங். அப்பாவுக்குக் கல்வெட்டு, சிற்பம் என்றால் உயிர். ஒரே கோயிலில் இரண்டு மணி நேரம் நிற்பார். அம்மாவுக்கு முட்டி தகராறு. சமதளத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் நடப்பார், செங்குத்துப் படி மட்டும் ஆகாது. முட்டைகூடத் தொடாத சுத்த சைவம்.

அங்கோர் கோயில்களுக்கு எந்த பாஸ் வாங்குவது? நாள்களை எப்படிப் பிரிப்பது? அம்மா எதையெல்லாம் விட்டுவிடலாம்? சாப்பாட்டுக்கு என்ன வழி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மைல்கல்:

முதலில் பாஸ். ஒரு நாள் 37 டாலர், மூன்று நாள் 62, ஏழு நாள் 72. மூன்று நாள் பாஸைப் பத்து நாளுக்குள் ஏதாவது மூன்று நாள் பயன்படுத்தலாம். ஏழு நாள் பாஸ் ஒரு மாதம் வரை செல்லும். தொடர்ச்சியாகப் போக வேண்டும் என்றில்லை. ஆனால் பலர் கவனிக்காத சங்கதி ஒன்று உண்டு: சாயங்காலம் அரை மணி நேரம் சூரிய அஸ்தமனம் பார்க்க நுழைந்தாலும் பாஸில் ஒரு நாள் கழிந்துவிடும். பெரியவர்களோடு போனால் அரை அரை நாளாகத்தான் பார்க்க முடியும். அதனால் உங்களுக்கு ஏழு நாள் பாஸ்தான் சரி. ஆளுக்குப் பத்து டாலர் கூடுதல், அவ்வளவுதான். "இன்றைக்கு விட்டால் போச்சு" என்ற பதற்றம் இருக்காது.

பாஸில் உங்கள் முகப்படம் இருக்கும். பாஸ் விற்கும் அரசு நிறுவனமான அங்கோர் என்டர்பிரைஸ் இணையதளத்திலும் வாங்கலாம், ஊருக்கும் கோயில் வளாகத்துக்கும் நடுவில் இருக்கும் டிக்கெட் மையத்திலும் வாங்கலாம். கோயில் வாசலில் விற்பதில்லை. தெரியாமல் விடியற்காலை இருட்டில் அங்கோர் வாட் வாசலில் போய் நிற்பவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இப்போது வரிசை. சின்னச் சுற்று, பெரிய சுற்று என்பதெல்லாம் பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் வண்டி ஓடுவதற்காகப் போட்ட பாதை. வெயில் எந்தப் பக்கம், கூட்டம் எப்போது என்ற கணக்கு அதில் கிடையாது. கோயில் எந்தத் திசை பார்க்கிறதோ அதை வைத்து நேரத்தை முடிவு செய்யுங்கள். கெமர் கோயில்களில், அதாவது கம்போடியாவின் பழைய கோயில்களில், பெரும்பாலானவை கிழக்கு பார்த்தவை, அவற்றுக்குக் காலை. அங்கோர் வாட் மேற்கு பார்த்தது, அதன் முகப்புக்குப் பிற்பகல். காலையில் முகப்பிலிருந்து படம் எடுத்தால் கோபுரம் கறுப்பு நிழலாகத்தான் விழும்.

முதல் நாள். விமான நிலையம் இப்போது ஊருக்குள் இல்லை. 2023 அக்டோபரில் திறந்த புது நிலையம் சுமார் 50 கிமீ தள்ளி இருக்கிறது. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். விடுதியில் சொல்லி வண்டி வரவழைத்துவிடுங்கள். அன்றைக்கு வேறு எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாம் நாள் காலை ரோலுவோஸ். ஊருக்குக் கிழக்கே 13 கிமீ. ப்ரா கோ, பாகோங், லோலெய் என்று மூன்று கோயில், மூன்றும் 9-ஆம் நூற்றாண்டு. ஏஜென்சித் திட்டத்தில் பெரும்பாலும் இதை வெட்டிவிடுவார்கள், அல்லது கடைசி நாளில் ஒட்டவைப்பார்கள். அங்கோர் வாட்டைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் 'இவ்வளவுதானா' என்று தோன்றும். முதலில் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். பாகோங் மட்டும் அடுக்கடுக்காக ஏறும் கோயில். அம்மா கீழேயே அகழியோரம் சுற்றி வரலாம். மதியம் அறைக்கு வந்து படுத்து எழுந்து, இரண்டரை மணிக்கு அங்கோர் வாட் மேற்கு வாசல். மேற்குச் சுற்று மண்டபத்துச் சிற்பங்களில் சாய்ந்த வெயில் விழும் நேரம் அது. மூடும் நேரமான ஐந்தரை வரை இருங்கள்.

மூன்றாம் நாள் பாந்தே ஸ்ரேய். சுமார் 35 கிமீ, திறப்பது ஏழரைக்கு. ஆறரைக்குக் கிளம்பினால் பேருந்துக் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் உள்ளே இருப்பீர்கள். கோயில் சிறியது, பாதை குறுகல். ஒன்பதரைக்கு மேல் ஒவ்வொரு வாசலிலும் செல்ஃபிக்கு வரிசை நிற்கும். திரும்பும் வழியில் கிழக்கு மேபோன். நாலு மூலையிலும் முழு உருவ யானைகள் நிற்கும் கோயில். ஒரு காலத்தில் ஏழரை கிலோமீட்டர் நீள ஏரியின் நடுவில் தீவாக இருந்த இடம், இப்போது சுற்றிலும் வயல். அதை நினைத்துக்கொண்டு பாருங்கள்.

நான்காம் நாள் ஏழரைக்குத் தா ப்ரோம், பிறகு மதில் சூழ்ந்த பழைய நகரமான அங்கோர் தோம். சூரிய உதயம் பார்த்த கூட்டம் காலைச் சாப்பாடு முடித்துத் தா ப்ரோமுக்கு வருவதற்குள் நீங்கள் வெளியே வந்துவிட வேண்டும். மரவேர்களுக்கு நடுவே மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள், முட்டிக்குத் தொந்தரவில்லை. இந்தியத் தொல்லியல் துறையும் சேர்ந்து புதுப்பித்த கோயில் இது. அங்கோர் தோமில் தெற்கு வாசலுக்கு முன்னாலேயே இறங்கிப் பாலத்தை நடந்தே கடந்து போங்கள். ஒரு பக்கம் 54 தேவர், மறுபக்கம் 54 அசுரர், கையில் நாகம். வண்டியில் கடந்தால் இருபது வினாடியில் போய்விடும். நகரின் நடுவிலுள்ள பாயோன் கோயிலில் வெளிச்சுற்றின் தெற்குப் பக்கம்தான் சரக்கு: சாம் படையோடு (இன்றைய வியட்நாம் பக்கத்துச் சம்பா நாட்டவர்) நடந்த படகுப் போர், அதற்குக் கீழ் வரிசையில் சந்தை, சேவல் சண்டை, சமையல். ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் அந்தச் சுவருக்குப் பகல் முழுக்க வெளிச்சம் உண்டு.

ஐந்தாம் நாள் காலை மறுபடி அங்கோர் வாட், ஆனால் கிழக்கு வாசல் வழியாக. அங்கே கூட்டமே இருக்காது. காட்டு மண்பாதையில் நிதானமாக நடந்தால் நேராகப் பாற்கடல் கடையும் மண்டபத்துக்குப் பக்கத்தில் போய்ச் சேருவீர்கள். காலை வெளிச்சம் அதன் மேல்தான் விழும். மாலை மூன்றரைக்கு ப்ரா கான்: ஒரு வாசலில் இறங்கி நேராக நடந்து எதிர் வாசலில் ஏறிக்கொள்ளுங்கள். வண்டிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால் அவர் இறக்கிவிட்ட இடத்திலேயே காத்திருப்பார். வந்த வழியே முழுக்கத் திரும்பி நடக்க வேண்டியதாகிவிடும்.

ஆறாம் நாள் ப்னோம் பென் போகும் வழியில் சம்போர் ப்ரெய் குக். அதைப் பிறகு எழுதுகிறேன்.

அம்மா விட்டுவிட வேண்டியவை: அங்கோர் வாட்டின் உச்சி அடுக்கு 'பாக்கான்' (கைப்பிடி வைத்த மரப்படிதான், ஆனாலும் ஏணி மாதிரி செங்குத்து, வரிசை வேறு), பாஃபுவோன், பிரே ரூப் மேல்தளம், பாக்கெங் குன்று. அப்பா பாக்கான் ஏற விரும்பினால் நாள் பார்த்துப் போகச் சொல்லுங்கள். பௌத்தப் புனித நாள்களில், அதாவது பௌர்ணமி, அமாவாசை, இரண்டு அஷ்டமி நாள்களில் மூடிவிடுவார்கள். தோளும் முட்டியும் மறையும் உடை கட்டாயம். சேலை, வேட்டி எல்லாம் தாராளமாகச் செல்லும். இடிபாட்டுக் கோயில்களில் செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. பிடிமானமுள்ள ரப்பர் ஷூவாகப் போடுங்கள். கல் தேய்ந்து வழவழவென்று இருக்கும்.

---

நாலுகாசு:

மைல்கல் சொன்ன ஏழு நாள் பாஸ் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. அந்தத் திட்டத்தைக் கொஞ்சம் இறுக்கினால் மூன்று நாள் பாஸிலேயே அடங்கும். மூன்று பேருக்கு 30 டாலர் மிச்சம். ஆனால் நடுவில் ஒரு நாள் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் இடிக்கும் என்பது வாஸ்தவம். முடிவு உங்களுடையது.

பணம் பற்றி: ஊர் முழுக்க டாலர் ஓடும். சில்லறை ரியெலில் வரும், ஒரு டாலருக்குச் சுமார் 4,000 ரியெல். இங்கே நம்மவர்கள் மாட்டிக்கொள்வது கிழிந்த நோட்டில். ஓரம் ஒரு நூலளவு கிழிந்திருந்தாலும், பேனாக் கிறுக்கல் இருந்தாலும் டாலரை வாங்க மாட்டார்கள். அதே நோட்டை உங்களுக்குச் சில்லறையாகத் தள்ளிவிடவும் பார்ப்பார்கள். வாங்கும்போதே விரித்துப் பாருங்கள், தயங்காமல் மாற்றிக் கேளுங்கள். இந்தியாவில் மாற்றும்போதே புது நோட்டாக, 1, 5, 10, 20 எனக் கலந்து வாங்குங்கள். ஏடிஎம்மில் ஒவ்வொரு முறைக்கும் 4, 5 டாலர் பிடித்துவிடுவார்கள், அடிக்கடி எடுக்காதீர்கள்.

விசா: சுற்றுலா இ-விசாவை அரசுத் தளத்தில் மட்டும் போடுங்கள். தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் இடைத்தரகர் தளம். பார்க்க அரசுத் தளம் மாதிரியே இருக்கும், இரண்டு மூன்று மடங்கு பறிக்கும். விசா தவிர இ-அரைவல் என்று ஒரு படிவம், இறங்குவதற்கு 7 நாளுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம். அதற்குப் பணம் கேட்டாலே போலி என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வண்டி: நகரைச் சுற்றியுள்ள கோயில்களுக்கு நாள் வாடகை டுக்டுக் 15 முதல் 20 டாலர், கார் 30 முதல் 40. பாந்தே ஸ்ரேய் போனால் சுமார் பத்து கூடும். பெரியவர்கள் இருப்பதால் அன்றைக்கு மட்டும் கார் எடுங்கள், மற்ற நாள் டுக்டுக்கே போதும். ஏறும் படி அம்மாவுக்கு உயரமாக இருந்தால் ஓட்டுநரிடம் சொன்னால் ஒரு சின்ன ஸ்டூல் போட்டுவிடுவார்.

---

கல்லெழுத்து:

அப்பாவுக்கான பதில் இது. கொஞ்சம் நீளும்.

முதல் இடம் லோலெய். யசோவர்மன் 893-இல் எழுப்பிய நாலு செங்கல் கோபுரம். பலர் பத்து நிமிடம் நின்று, 'செங்கல் சரிந்து கிடக்கிறது' என்று திரும்பிவிடுவார்கள். பார்க்க வேண்டியது கோபுரத்தை அல்ல, வாசல் நிலைக்கற்களை. பக்கவாட்டு மணற்கல்லில் மேலிருந்து கீழ் வரை எழுத்து, அச்சுக் கோத்த மாதிரி ஒரே அளவில். சமஸ்கிருதப் பகுதியில் தெய்வத்துதி, அரசன் புகழ். கெமர் பகுதியில் கோயிலுக்கு விட்ட பணியாட்களின் பெயர்ப் பட்டியல். நம் சோழர் செப்பேடுகளைப் புரட்டியவருக்கு இந்த அமைப்பு உடனே பிடிபடும். அங்கேயும் வடமொழியில் வம்சப் புகழ், தமிழில் நிலம், எல்லை, வரிக்கணக்கு. கெமர் எழுத்து பல்லவர் வழி வந்த தென்னிந்திய எழுத்திலிருந்து வளர்ந்தது. எனவே கிரந்தம் படிக்கத் தெரிந்தவர் அங்கங்கே சில எழுத்துகளைக் கண்டுபிடித்துவிடுவார். அதற்கு மேல் வாசிக்க முடியாது, ஏமாற வேண்டாம்.

எழுத்தைப் படம் எடுக்க ஃபிளாஷ் போடாதீர்கள். நேரே ஒளி விழுந்தால் பள்ளம் மேடு தெரியாமல் தட்டையாகிவிடும். கூட வருபவர் ஒரு சின்ன டார்ச்சைக் கல்லின் விளிம்பை ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். எழுத்து ஒவ்வொன்றும் நிழலோடு எழும். தொடுவதும் சுண்ணாம்பு தடவுவதும் கூடவே கூடாது.

அடுத்து பாந்தே ஸ்ரேய். இது அரசன் கட்டியதல்ல. யக்ஞவராகன் என்ற அரசகுருவின் கோயில், 967-இல் குடமுழுக்கு. செம்மை படர்ந்த மணற்கல்லில் மரச்செதுக்கு மாதிரி நுணுக்கம். நூலகம் என்று சொல்லப்படும் இரண்டு சிறு கட்டடங்களின் நெற்றியில் நாலு காட்சி: ராவணன் கயிலையை அசைப்பது, மன்மதனை எரிப்பது, காண்டவ வனத்து மழை, கண்ணன் கம்சனை வதைப்பது. கயிலைக் காட்சியில் கீழே மிரண்டு ஓடும் விலங்குகளையும், மேலே சிவனை ஒட்டிக்கொள்ளும் உமையின் கையையும் பாருங்கள். பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள். உள்முற்றத்தில் கயிறு கட்டியிருக்கும், கிட்டே போக விடமாட்டார்கள்.

தமிழர் யாரும் தவறவிடக் கூடாத ஒன்று அங்கே உண்டு. உள்சுற்றின் கிழக்கு வாசல் நெற்றியில் பத்துக் கையோடு ஆடும் சிவன். கீழே ஓரத்தில் எலும்பும் தோலுமாக, முலை வற்றி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்பது அந்த உருவத்தைத்தான். வழிகாட்டிகளில் பலர் 'பக்தை' என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். காலை எட்டு மணி வாக்கில் நேர் வெளிச்சம் விழும்.

அங்கோர் வாட் சுற்று மண்டபத்தை எந்தப் பக்கமாகச் சுற்றுவது? மேற்கு வாசலில் நுழைந்து வலது கைப் பக்கம் திரும்புங்கள். அப்படிப் போனால் இடமாகச் சுற்றி வருவீர்கள், பிரதட்சிணத்துக்கு நேர் எதிர். சிற்பக் கதை ஓடுவது அந்த வழியில்தான். அங்கோர் வாட் மன்னனின் நீத்தார் கோயில் என்று வாதிடுபவர்கள் காட்டும் சான்றுகளில் இதுவும் ஒன்று. முதலில் குருட்சேத்திரம்: இடப்பக்கமிருந்து கௌரவர், வலப்பக்கமிருந்து பாண்டவர், நடுவில் கைகலப்பு. பீஷ்மர் அம்புப் படுக்கையில் கிடப்பதை மேல் வரிசையில் தேடுங்கள். தெற்கே திரும்பினால் 90 மீட்டருக்கு மேல் நீளும் இரண்டாம் சூரியவர்மன் ஊர்வலம். தளபதிகள் பக்கத்தில் சின்னச் சின்னப் பெயர்க்குறிப்பு வெட்டியிருக்கிறது, அப்பாவுக்கு அரை மணி நேரம் போய்விடும். அதே மண்டபத்தின் மறுபாதியில் 37 சொர்க்கம், 32 நரகம். நரகத்துக்கும் பெயர்ப்பலகை உண்டு, எந்தப் பாவத்துக்கு எந்தத் தண்டனை என்று. பிறகு கிழக்கே 49 மீட்டர் நீளத்தில் பாற்கடல்: 92 அசுரர், 88 தேவர், நடுவில் திருமால். வடகிழக்கு மூலையை ஒட்டிய இரண்டு சுவர்கள் 16-ஆம் நூற்றாண்டில் செதுக்கியவை. உளி இறங்கிய விதத்திலேயே வித்தியாசம் தெரியும், அங்கே நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். கடைசியாக வடமேற்கில் இலங்கைப் போர். அனுமன் தோளில் ராமன்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் 'அங்கோர் வாட்டைக் கட்டியது தமிழ் மன்னன்' என்பதை நம்பி அங்கே போய்ப் பேசிவிடாதீர்கள். இரண்டாம் சூரியவர்மன் கெமர் அரசன், 1113-இல் பட்டமேறியவன். தொடர்பு இருந்தது நிஜம், அது வேறு கதை. ராஜேந்திர சோழனுக்குக் காம்போஜ (கம்போடிய) அரசன் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. காம்போஜ அரசன் தந்த ஒரு கல்லைச் சிதம்பரம் கோயிலில் பதித்ததாக முதலாம் குலோத்துங்கன் காலத்து 1114-ஆம் ஆண்டுக் கல்வெட்டு பேசுகிறது. இருக்கிற உறவே இவ்வளவு சுவையாக இருக்கும்போது இல்லாததைச் சேர்க்க வேண்டியதில்லை.

ப்னோம் பென் தேசிய அருங்காட்சியகத்தில் சுழியம் பொறித்த கல்லைக் கேட்டுப் பாருங்கள். மெக்கோங் கரையிலுள்ள சம்போரில் (சம்போர் ப்ரெய் குக் அல்ல, வேறு ஊர்) கிடைத்த கல்வெட்டு, எண் கே-127. சக ஆண்டு 605 என்பதில் நடு இலக்கம் ஒரு புள்ளி. கி.பி. 683. காலம் திட்டமாகத் தெரிந்த சுழியங்களில் மிகப் பழையவற்றில் ஒன்று.

---

இலைச்சோறு:

சாப்பாடு. சியெம் ரீப்பில் பழைய சந்தையைச் சுற்றி இந்திய உணவகங்கள் உண்டு, ஊருக்குள் இருக்கும்வரை பிரச்சினையில்லை. சிக்கல் கோயில் பக்கத்துக் கடைகளில். 'வெஜ்' என்றால் அவர்களுக்கு 'காய் போட்டது' என்றுதான் அர்த்தம். மீன் சாறு (தூக் த்ரெய்), புளித்த மீன் விழுது (ப்ரஹோக்), சிப்பி சாஸ் மூன்றும் உப்பு மாதிரி எல்லாவற்றிலும் இறங்கும். வள்ளைக்கீரை வதக்கலில்கூடச் சிப்பி சாஸ் இருக்கும். ஃப்ரைடு ரைஸ் சொன்னால் முட்டையோடுதான் வரும்.

இரண்டு வாசகம் போதும். 'ஒத் சாச், ஒத் த்ரெய்': இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம். 'ஒத் தாக் தூக் த்ரெய்': மீன் சாறு ஊற்றாதீர்கள். நாக்கில் வராவிட்டால் விடுதி வரவேற்பறையில் கெமர் எழுத்தில் எழுதி வாங்கி போனில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். முட்டை வேண்டாம் என்பதையும் அதிலேயே சேர்த்து எழுதச் சொல்லுங்கள். காட்டினால் வேலை முடிந்தது.

வாழையிலையில் உருளையாகச் சுற்றிக் கட்டிய ஒட்டரிசிக் கொழுக்கட்டை எங்கேயும் கிடைக்கும். 'அன்சோம் சேக்' என்றால் உள்ளே வாழைப்பழம், தேங்காய். 'அன்சோம் ச்ருக்' என்றால் பன்றி இறைச்சி. வெளியே இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பெயரைக் கேட்காமல் எடுக்கவே எடுக்காதீர்கள்.

பாந்தே ஸ்ரேய் வழியில் ப்ரே தாக் என்ற ஊரில் சாலையோரமே பதநீர் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். பனைவெல்லம் சின்னச் சின்ன வில்லையாக, பனையோலைக் குழாயில் அடுக்கித் தருவார்கள். நம் கருப்பட்டியைவிட நிறம் வெளுப்பு, காரம் குறைவு. வீட்டுக்கு வாங்க இதைவிட நல்ல சாமான் கிடையாது.

காலையில் சீக்கிரம் கிளம்பும் நாள்களில் விடுதிச் சிற்றுண்டி கிடைக்காது. முந்தின இரவே ரொட்டி, பழம் கட்டித்தரச் சொல்லுங்கள். அவல், பருப்புப்பொடி கொஞ்சம் எடுத்துப் போவது அம்மாவுக்கு உதவும்.

---

மாடவீதி:

எல்லோருக்கும் நன்றி. காரைக்கால் அம்மையாரைச் சொன்னதும் அப்பா இப்போதே பெட்டி கட்டிவிடுவார் போல. இன்னும் மூன்று சந்தேகம். (1) சூரிய உதயத்துக்கு அங்கோர் வாட் போவது தேவையா? (2) கோ கேர், குலென் மலை, பெங் மீலியா, ப்ரா விஹேர் என்று நாலு பெயர் அடிபடுகிறது. ஒன்றைச் சேர்க்க முடியுமா? (3) ஏரிக் கிராமம்?

---

மைல்கல்:

சூரிய உதயம்: அப்பா அம்மாவுக்கு வேண்டாம். நாலரைக்கு இருட்டில் எழுந்து, அகழியைத் தாண்டிக் கல் பாதையில் தட்டுத் தடுமாறி, ஆயிரம் பேர் நடுவே குளக்கரையில் ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும். ஜனவரியில் ஆறரை வாக்கில்தான் உதயம். நீங்கள் மட்டும் போகிறீர்களா, வடக்குக் குளத்தில் நில்லுங்கள், அதாவது நுழைந்ததும் இடது கைக் குளம். அந்த மாதத்தில் சூரியன் தென்கிழக்கில் எழும். வடக்கே தள்ளி நின்றால்தான் கோபுரத்தின் பக்கமாக வரும். தெற்குக் குளத்தில் நின்றால் சட்டகத்துக்கு வெளியே போய்விடும். மேகமாக இருந்தால் ஒன்றும் தெரியாது.

ப்ரா விஹேர் வேண்டாம். அது தாய்லாந்து எல்லை மேல் உள்ள மலை. 2025 ஜூலையில் அங்கே பீரங்கிச் சண்டையே நடந்தது. எல்லைப் பக்கமே திட்டம் போடாதீர்கள். பாங்காக்கிலிருந்து தரைவழியாக வருவது எளிது என்று பழைய பதிவுகளில் இருப்பதையும் நம்பாதீர்கள்.

கோ கேர் அருமையான இடம். நான்காம் ஜெயவர்மன் 928 முதல் தலைநகராக வைத்திருந்தது, 36 மீட்டர் உயர ஏழடுக்குப் பிரமிடு, 2023-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஆனால் 120 கிமீ போக, 120 கிமீ வர. தனியாக 15 டாலர் டிக்கெட். அதன் மிகச் சிறந்த சிலைகள் அங்கே இல்லை. திருடப்பட்டு அமெரிக்கா போய், 2014-இல் திரும்பி வந்த துரியோதனனும் பீமனும் இப்போது ப்னோம் பென் அருங்காட்சியகத்துக்கு உரியவை. பாதத்தில் வெட்டிய தழும்போடு நிற்கும். அப்பா அங்கேயே பார்த்துக்கொள்ளட்டும்.

குலென் மலைக்கும் தனி டிக்கெட், 20 டாலர். மலைப்பாதை ஒற்றையடி மாதிரி. காலையில் ஏற மட்டும், மதியத்துக்கு மேல் இறங்க மட்டும் விடுவார்கள். பத்து மணிக்கு நிதானமாகக் கிளம்பினால் அடிவாரத்தோடு திரும்ப வேண்டியதுதான். ஆற்றுப் படுகையில் செதுக்கிய லிங்கங்கள் பார்க்க வேண்டுமானால் அங்கோர் பாஸிலேயே க்பால் ஸ்பியன் இருக்கிறது, பாந்தே ஸ்ரேய்க்கு அப்பால். ஆனால் ஒன்றரை கிலோமீட்டர் காட்டுவழி ஏற்றம், அம்மாவுக்கு ஆகாது. மூன்று மணிக்கு மூடிவிடுவார்கள்.

ஆக மிஞ்சுவது பெங் மீலியா. அங்கோர் பாஸ் செல்லும், இடிபாட்டின் மேலேயே மரப்பாலம் போட்டிருக்கிறார்கள். ரோலுவோஸ் நாளில் சேர்க்க முடியும், ஆனால் அன்றைய அங்கோர் வாட் பிற்பகலை இன்னொரு நாளுக்குத் தள்ள வேண்டும். ஏழு நாள் பாஸ் கைகொடுப்பது இங்கேதான், நாலுகாசு கவனிக்க. தூரக் கோயில்களில் பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்காதீர்கள். கண்ணிவெடி அகற்றியாயிற்று என்பது பாதைகளுக்கும் கோயில் வளாகத்துக்கும் மட்டும்.

---

நாலுகாசு:

கவனித்தேன். 30 டாலர் செலவழிக்கட்டும்.

ஏரிக் கிராமத்துக்கு ஜனவரி சரியான மாதம், தொன்லே சாப் ஏரியில் இன்னும் தண்ணீர் இருக்கும். ஏப்ரலில் போனால் சேறும் உயரமான கழிகளும்தான். ஊருக்கு மிகக் கிட்டே இருக்கும் சோங் க்னியாஸைத் தவிர்த்துவிடுங்கள். படகில் பாதி வழியில் 'அனாதைப் பிள்ளைகளுக்கு' என்று அரிசி மூட்டை வாங்கச் சொல்லி அழுத்துவது அங்கே ரொம்ப நாளாக நடக்கும் வியாபாரம். அரிசி மறுபடி அதே கடைக்கு வரும். கம்போங் ப்லுக் போங்கள், மாலை மூன்றரைக்குப் படகு. படகுக் கட்டணத்தைக் கரையிலேயே முழுசாகக் கேட்டு, எல்லாம் சேர்த்தா என்று உறுதி செய்துகொண்டு ஏறுங்கள். ஏறும் இடத்தில் பலகை ஆடும், அம்மாவை ஓட்டுநர் பிடித்துக்கொள்ளட்டும்.

---

மைல்கல்:

சொன்னபடி சம்போர் ப்ரெய் குக். சியெம் ரீப்பிலிருந்து ஆறாம் நெடுஞ்சாலையில் கம்போங் தோம் சுமார் 150 கிமீ, அங்கிருந்து வடக்கே 30 கிமீ உள்ளே. கார்க்காரரிடம் வாடகை பேசும்போதே 'சம்போரில் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும், ப்னோம் பென் விடுதி வாசல் வரை' என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். பேசாமல் ஏறினால் திருப்பத்தில் நிறுத்திக் கூடுதல் கேட்பார்கள். காலை ஏழுக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஐந்து, ஆறுக்குள் சேரலாம்.

வழியில் கம்போங் க்டெய் ஊரில் 12-ஆம் நூற்றாண்டுக் கல் பாலம் இருக்கிறது. இருபதுக்கும் மேற்பட்ட வளைவு, கைப்பிடிச் சுவராக நாகம். பத்து நிமிடம் போதும், ஆனால் நிறுத்தச் சொல்லுங்கள்.

சம்போர் 7-ஆம் நூற்றாண்டு ஈசானபுரம், ஈசானவர்மன் தலைநகர். இங்கே மகேந்திரவர்ம பல்லவன் பாறை குடைந்துகொண்டிருந்த காலத்தை ஒட்டி அங்கே செங்கல்லில் எண்கோணக் கோபுரம் எழுப்பியிருக்கிறார்கள். வடக்கு, நடு, தெற்கு என மூன்று தொகுதி. முழுக்கச் சமதளக் காட்டுப் பாதை, அம்மாவுக்கு இந்தப் பயணத்திலேயே சுலபமான இடம் இதுதான். தெற்குத் தொகுதியில் கோபுரச் சுவரில் செங்கல்லிலேயே செதுக்கிய 'பறக்கும் மாளிகை' பாருங்கள்: ஒரு குட்டி விமானம், அதைக் கீழே தாங்கும் உருவங்கள். காட்டுக்குள் வட்டக் குழிகள் தென்படும். அவை அமெரிக்கக் குண்டுவீச்சில் விழுந்தவை. சாப்பாட்டைக் கம்போங் தோமிலேயே முடித்துவிட்டுப் போங்கள், உள்ளே அம்மாவுக்கு ஏற்ற எதுவும் கிடைக்காது.

ப்னோம் பென்னில் ஏழாம் நாள் காலை எட்டு மணிக்கே அருங்காட்சியகம், அங்கிருந்து நடக்கும் தூரத்தில் அரண்மனையும் வெள்ளிப் பகோடாவும். கெமர் ரூஜ் கொடுங்கோலாட்சியில் சிறையாக இருந்த தூல் ஸ்லெங் போவதானால் அதே நாளில் சேர்க்காமல் மறுநாள் காலைக்கு வையுங்கள், மனசுக்குக் கனமான இடம். 2025 செப்டம்பரில் திறந்த புது விமான நிலையமும் ஊருக்கு வெளியே தெற்கேதான். மாலை நெரிசலில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேலும் பிடிக்கும். டிக்கெட்டில் 'கேடிஐ' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, விமானத்துக்கு நாலரை மணி நேரம் முன்னால் விடுதியிலிருந்து கிளம்பிவிடுங்கள்.